உக்காந்து பாக்குற வேலை

இண்டூரு தாண்டி பென்னாகரம் போற ரோட்டுல ஒரு மாங்கூழ் ஃபேக்டரி இருக்கு. சீசன்ல மாங்கூழ், மத்த நாள்ல தக்காளிக் கூழ். கேட்டுல நுழைஞ்சதும் எடைமேடை. மேடைக்குப் பக்கத்துல ஜன்னலு வெச்ச சின்ன ரூம்பு, ரூம்புக்குள்ள ஒரு நாற்காலி, நாற்காலிக்குள்ள அமல்தாசு. மேலன்னு சொல்லாம உள்ளன்னு ஏன் சொல்றேன்னா, இருபத்திமூணு வருஷமா ஒரே ஆளு உக்காந்து உக்காந்து அந்தப் பிரம்பு பள்ளமா எறங்கிப் போயிருந்துச்சு. வேற யாராச்சும் உக்காந்தா ஒரு பக்கமா சாஞ்சிடுவாங்க. அமல்தாசுக்கு மட்டும்தான் அது பொருந்தும்.

அவரு வேலைய லேசான வேலைன்னு நெனச்சிடாதீங்க. லோடு வண்டி வந்து மேடைமேல நிக்கும், எடை போடுவாரு. சரக்க எறக்கிட்டுக் காலியா வந்து நிக்கும், மறுபடி போடுவாரு. அதுல இதக் கழிச்சா சரக்கோட எடை, அதுக்குப் பேரு நெட்டு. இதுல என்னய்யா பெரிய விசயம்னு கேப்பீங்க. டிரைவருங்களக் கேளுங்க, சொல்லுவாங்க. லோடோட நிக்கிறப்ப டிரைவரும் கிளீனரும் வண்டியிலயே கம்முனு உக்காந்துக்குவாங்க. காலி வண்டி நிக்கிறப்ப எறங்கி டீ குடிக்கப் போயிடுவாங்க. ரெண்டு ஆளு ஒடம்பும் தக்காளியோட சேந்துக்கும். நூத்திமுப்பது கிலோ மனுசன தக்காளின்னு வித்துட்டுப் போயிடுவாங்க. அமல்தாசுகிட்ட அது நடக்காது. "ஏறுனா ரெண்டு வாட்டியும் ஏறு, எறங்குனா ரெண்டு வாட்டியும் எறங்கு"ம்பாரு. டிஸ்ப்ளேயில நம்பரு ஆடிக்கிட்டிருந்தா சீட்டு போட மாட்டாரு. நம்பரு நிக்கணும். நின்னப்புறம்தான் பட்டன அமுக்குவாரு. இந்த ஒரு விசயத்துல அவரு பேரு பாலக்கோடு வரைக்கும் தெரியும்.

நாற்காலியும் சும்மா வந்துடல. வேலைக்கு வந்த புதுசுல அஞ்சு வருஷம் பழம் கழுவுற தொட்டியில நின்னவரு அவரு. முழங்காலு வரைக்கும் தண்ணி, நாளைக்குப் பத்து மணி நேரம். கால்ல நரம்பெல்லாம் சுருட்டிக்கிச்சு. அப்ப எடைமேடையில இருந்த ஆளு டிரைவருங்களோட கூட்டு வெச்சு மாட்டிக்க, பழைய மொதலாளி தொட்டிகிட்ட வந்து நின்னு, "ஏம்ப்பா, நீ பொய் சொல்ல மாட்டியாமே, வா"ன்னு கூட்டிக்கிட்டுப் போயி, தன்னோட ஆபீசு ரூம்புல கெடந்த கை வெச்ச நாற்காலியத் தூக்கி அங்க போட்டாரு. அமல்தாசோட அப்பா அருள்நாதன் மானாவாரி வெவசாயி. அவங்க வம்சத்துல உக்காந்து சம்பாரிச்சவன் ஒருத்தனும் கெடையாது. மனுசன் ஒரு நாள் ஃபேக்டரிக்கு வந்து, மகன் நாற்காலியில உக்காந்திருக்கிறத ஜன்னலு வழியா நின்னு பாத்துட்டுத் திரும்பிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் ஊருல எதுக்க வந்தவங்ககிட்டல்லாம் "நம்ம பையனுக்கு உக்காந்து பாக்குற வேலை"ன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாராம். அந்தப் பேச்சுக்குத்தான் ராயம்மாளக் குடுத்தாங்க. நெலம் எவ்ளோன்னு மாமனாரு கேக்கல. "உக்காந்தா, நின்னா?"ன்னு மட்டும் கேட்டாராம்.

அப்பேர்ப்பட்ட நாற்காலிக்குத்தான் வந்துச்சு வெனை.

ஃபேக்டரிய பெங்களூரு கம்பெனி ஒண்ணு வாங்குச்சு. அங்கருந்து சோபனா மேடம்னு ஒருத்தங்க வந்தாங்க. வேலை செய்யறவங்க ஒடம்பப் பாத்துக்கறது அவங்க வேலை. நல்ல மனுஷி. யாருக்கும் ஒரு கெடுதல் நெனைக்காதவங்க. அதுதான் கஷ்டமே, கெட்டவங்களா இருந்தா திட்டிட்டுப் போயிடலாம். பிப்ரவரி மாசம் ஒரு நாளு எல்லாரையும் ஷெட்டுல கூட்டி, சினிமா மாதிரி திரை கட்டிப் பேசுனாங்க. ஒரு மணி நேரம் தொடந்து உக்காந்திருக்கிறது ஒரு பீடி குடிக்கிறதுக்குச் சமம்னாங்க. ஷெட்டுல இருந்த அத்தன பேரும் திரும்பி அமல்தாசப் பாத்தாங்க. இருபத்திமூணு வருஷத்துக்கு எத்தன கட்டு பீடின்னு பாய்லரு ஆளுங்க வெரல் வுட்டு எண்ண ஆரம்பிச்சுட்டாங்க. கேட்டுல வாட்ச்மேனா இருக்கிற மாது, ஏரியூருப் பக்கத்துக்காரரு, அறுபது வயசு, கையத் தூக்கி, "அப்ப நின்னுக்கிட்டே பீடி குடிச்சா ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் பூடுங்களா மேடம்?"னு கேட்டாரு. அவரு கிண்டலுக்குக் கேக்கல, சந்தேகம்தான்.

திட்டம் இதுதான். அஞ்சு டீமு: லோடிங்கு, பாய்லரு, லேபு, ஆபீசு, கேட்டு. ஒவ்வொருத்தரு கையிலயும் கறுப்பா ஒரு பட்டை. நடந்தா அடி அடியா எண்ணும், எண்ணுனத போனுல காட்டும். முப்பது நாளு. டீமோட சராசரியப் பாத்து மொதல்ல வர்றவங்களுக்கு ஆளுக்கொரு எவர்சில்வரு தண்ணி பாட்டிலு.

"கடைசியா வர்ற டீமுக்கு?"ன்னு நிர்மலாதேவி கேட்டாங்க. கேட்டுல வண்டி நம்பரு எழுதற அம்மா. இந்த மாதிரி விசயத்துல வெவரமானவங்க.

"அவங்களுக்குத் தண்டனை இல்ல, உதவி"ன்னு சோபனா மேடம் சிரிச்சாங்க. "ஒரு வருஷத்துக்கு அவங்க நாற்காலிங்கள எடுத்துட்டு, நின்னுக்கிட்டே வேலை செய்யற மேஜை குடுப்போம்."

அமல்தாசுக்குக் கால்ல சுருட்டுன நரம்பு ஒரு வாட்டி சுண்டி இழுத்துச்சு. கேட்டு டீமுல மொத்தமே மூணு பேரு: அவரு, மாது, நிர்மலாதேவி. மூணு பேரும் உக்காந்து பாக்குறவங்க. லோடிங்கு ஆளுங்க மூட்டை தூக்கியே நாளைக்கு இருபதாயிரம் அடி நடந்துடுவாங்க. லோடிங்கு மேஸ்திரி மாரியப்பனுக்கு இந்தத் திட்டமே புரியல. "இதத்தான தெனைக்கும் பண்றோம், இதுக்கு எதுக்குப் பாட்டிலு?"ன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு.

மொத நாளு அமல்தாசு கணக்கு எண்ணூத்தி நாப்பது அடி. அதுல பாதி கக்கூசுக்குப் போயிட்டு வந்தது.

சரி, மொபெட்ட வூட்டுலயே வுட்டுட்டு நாலு கிலோமீட்டரும் நடந்தே ஃபேக்டரிக்குப் போறதுன்னு மூணாம் நாளு கெளம்புனாரு. வூட்டத் தாண்டல, பால் வண்டி சிவக்குமாரு வந்து நிறுத்துனான்.

"ஏறுங்க மாமா."

"இல்லப்பா, நான் நடந்தே போறேன்."

"ஏன், எம்மேல என்ன கோவம்?"

இது நம்ம ரோட்டு வழக்கம். வண்டி நிறுத்துனவன்கிட்ட ஏற மாட்டேன்னு சொன்னா அது சண்டைன்னு அர்த்தம். அடுத்த பொங்கலு வரைக்கும் பேச்சு நின்னுடும். ஏறுனாரு. பஸ் ஸ்டாப்புல ஒரு வேலை இருக்குன்னு பொய் சொல்லி எறங்குனாரு. நூறு அடி வெச்சிருப்பாரு, சர்ச்சுல மணி அடிக்கிற கோயில் பிள்ளை ஃபிராங்க்ளின் டிராக்டரு நிறுத்துனான். அதுக்கப்புறம் ஒரு பைக்கு, அதுக்கப்புறம் ஒரு தக்காளி லோடு வண்டி. மொத்தம் நாலு வண்டி மாறி, மொபெட்டுல போறதவிட பத்து நிமிஷம் முன்னாடி ஃபேக்டரியில இருந்தாரு. பட்டையில அறுநூத்திச் சொச்சம்.

சாயங்காலம் ஊருக்குள்ளயே நடக்கலாம்னு பாத்தாரு. அது இன்னும் மோசம். எங்க போறோம்னு இல்லாம நடக்கிறதுங்கிறது நம்மூருல ஒரு வியாதி. "எங்க கெளம்பிட்டீங்க?"ன்னு ஒவ்வொரு வாசல்லயும் கேக்கறாங்க. "சும்மா நடக்கறேன்." "சும்மாவா?" அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க, ஆனா பாப்பாங்க. ரெண்டு நாள்ல ஊரு மூணு முடிவுக்கு வந்துச்சு. அமல்தாசு வண்டி ஓட்டக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அமல்தாசுக்குப் பெரிய வேண்டுதலு. அமல்தாசுக்கும் ராயம்மாளுக்கும் சண்டை. மூணாவதத்தான் நெறைய பேரு நம்புனாங்க. கோயில் உபதேசியாரு வூட்டுக்கே வந்து, "குடும்பத்துல சமாதானம் முக்கியம்மா"ன்னு ராயம்மாகிட்ட சொல்லி, ஒரு செபம் சொல்லிட்டு, ஒரு டம்ளரு மோரு குடிச்சிட்டுப் போனாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டிருந்த ராயம்மாளுக்கு ஒண்ணும் புரியல. சரிங்கன்னு தலையாட்டுனாங்க.

அன்னிக்கே அமல்தாசு நடக்கிறத நிறுத்திட்டாரு.

எட்டு நாளு முடிஞ்சப்ப அவரு மொத்தமே ஒம்பதாயிரத்து அறுநூத்தி நாப்பது அடி. கேட்டு டீமு கடைசி. ஆபீசுக்காரங்களும் மோசம்தான், ஆனா ஆபீசுல பட்டைய நாயிக்குக் கட்டி வுட்டிருக்காங்கன்னு ஒரு பேச்சு. பாய்லரு ஆளு முருகன் ஒகேனக்கல்லுல பரிசல் ஓட்டுற மச்சான்கிட்ட அஞ்சு பட்டையயும் குடுத்து வுட்டு, ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஒரே நாள்ல அம்பதாயிரம் தேத்திட்டான். துடுப்பு போட்டாலும் அது நடக்கிறதுன்னுதான் எண்ணும். லேபுல ஸ்டெஃபின்னு ஒரு பொண்ணு, படிச்ச பொண்ணு, பாட்டிலு குலுக்குற மிஷின்ல எல்லாப் பட்டையயும் சுத்தி வெச்சிட்டு சாப்பாட்டுக்குப் போனா. திரும்பி வர்றதுக்குள்ள லேபு டீமு கிருஷ்ணகிரி தாண்டிடுச்சு. மொத்த ஃபேக்டரியும் நடந்துக்கிட்டே இருந்துச்சு, ஆனா எடத்த வுட்டு ஒருத்தரும் நகரல.

ஒம்பதாம் நாளு காலையில அமல்தாசு குளிக்கப் போறப்ப பட்டையக் கழட்டி மாட்டுக் கொட்டாயி சுவத்துல வெச்சாரு. மறந்துட்டு வேலைக்குப் போயிட்டாரு. கன்னுக்குட்டி வாயில போட்டுக்கப் போவுதுன்னு ராயம்மா அத எடுத்துத் தன் கையில மாட்டிக்கிட்டாங்க. சாயங்காலம் வந்து போனப் பாத்தா இருபத்திநாலாயிரத்து முந்நூத்திப் பதினாறு.

மிஷினு கெட்டுப் போச்சுன்னுதான் நெனச்சாரு. தட்டிப் பாத்தாரு. ஊதிப் பாத்தாரு. "இத மாட்டுனா என்னங்க ஆவும்?"னு ராயம்மா கேட்டாங்க.

"நாம எவ்ளோ நடக்கறோம்னு சொல்லும்."

"நாம நடக்கறது நமக்குத் தெரியாதா?"

மறுநாளு மறக்கல. வேணும்னே வெச்சிட்டுப் போனாரு. சாயங்காலம் இருபத்தஞ்சாயிரம்.

சும்மா சொல்லக்கூடாது, மனுசனுக்கு உறுத்துச்சு. டிரைவர வண்டியில உக்கார வெச்சு எடை போடற வேலைதான இது. ஆனா கண்ண மூடுனா நாற்காலி தெரிஞ்சுது, அது இல்லாத ரூம்பு தெரிஞ்சுது. அப்புறம் யோசிச்சு யோசிச்சு ஒரு ஞாயத்தக் கண்டுபிடிச்சாரு. கல்யாணத்தன்னிக்கி பீடத்துக்கு முன்னாடி வெச்சு சாமியாரே சொல்லியிருக்காரு, இன்னிலருந்து நீங்க ரெண்டு பேரு இல்ல, ஒரே ஒடம்புன்னு. ஒரே ஒடம்புன்னா காலும் ஒண்ணுதான. பட்டைய அந்த ஒடம்போட எந்தக் கையில மாட்டுனா என்ன? சாமியாரு இதுக்காகச் சொல்லலன்னு அவருக்கும் தெரியும். தெரிஞ்சும் அதையே புடிச்சுக்கிட்டாரு.

ஒம்பதாம் நாள்லருந்து மொத்தம் இருபத்திரெண்டு நாளு பட்டை ராயம்மா கையில. வெறும் மணிக்கட்டு தெரியக்கூடாதுன்னு அமல்தாசு மார்ச்சு மாச வெயில்ல முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு எடைமேடை ரூம்புல வேத்து ஊத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. கேட்டு டீமு கடைசியிலருந்து நாலாவதுக்கு வந்துச்சு, அப்புறம் மூணாவது. மாதுக்கு ஒரே பெருமை. "எங்க அமலு விடிகாலம் நாலு மணிக்கே எந்திரிச்சு நடக்கறான், ஒருத்தன் கண்ணுலயும் படறதில்ல"ன்னு டீக்கடையில சொல்லிட்டு வந்தாரு. நிர்மலாதேவி மட்டும், "அண்ணா, நீங்க இன்னிக்கி முழுக்க எந்திரிக்கவே இல்ல, எப்புடிண்ணா?"ன்னு ஒரு நாளு கேட்டாங்க. "அதெல்லாம் காலையிலயே முடிச்சிடுவேம்மா"ன்னாரு. அந்தப் பொய்ய சொன்னப்ப டிஸ்ப்ளேயில ஒரு வண்டியோட நம்பரு ஆடிக்கிட்டே இருந்துச்சு. நிக்கட்டும்னு அதையே பாத்துக்கிட்டிருந்தாரு.

முப்பத்தோராம் நாளு ஷெட்டுல விழா. பெங்களூருலருந்து ரெண்டு பெரிய ஆபீசருங்க வந்திருந்தாங்க. டீமுல லோடிங்குதான் மொதலு, அதுல யாருக்கும் ஆச்சரியமில்ல. ஆனா தனி ஆளா மொத்த ஃபேக்டரியிலயும் மொதலு யாருன்னு சொல்றதுக்கு சோபனா மேடம் மைக்கப் புடிச்சப்ப அவங்க கண்ணு கலங்கியிருந்துச்சு.

"நாற்காலியில உக்காந்து வேலை செய்யற ஒருத்தரு, ஐம்பத்திநாலு வயசு. இந்த ஒரு மாசத்துல அஞ்சு லட்சத்து நாப்பதாயிரம் அடி. தருமபுரியிலருந்து நடந்திருந்தா மதுரைய தாண்டி விருதுநகரு போயிருப்பாரு. அமல்தாஸ் சார், மேல வாங்க."

கை தட்டுனாங்க. மாது விசிலே அடிச்சாரு. அமல்தாசு முழுக்கை சட்டையோட மேல ஏறி நின்னாரு. கெட்டதே அங்கதான். அந்தம்மா அதோட வுடாம திரையில ஒரு படத்தப் போட்டாங்க. ஒரு நாளு முழுக்க எந்தெந்த நேரத்துல எவ்ளோ நடந்தாருன்னு கோடு கோடா நிக்குது.

"இதப் பாருங்க. காலையில நாலே காலுக்கு ஆரம்பிக்கறாரு. ராத்திரி பத்தே முக்காலுக்குத்தான் நிக்கறாரு. நடுவுல கேப்பே இல்ல. தெனமும் இப்படித்தான். கடைசி இருபத்திரெண்டு நாள்ல இவரு முழிச்சிருக்கிறப்ப தொடந்து அசையாம இருந்தது எவ்ளோ நேரம் தெரியுமா? அதிகபட்சம் பதினாலு நிமிஷம். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் ஒரு அர மணி நேரம்."

அந்த அர மணி நேரம் என்னன்னு அமல்தாசுக்குத் தெரியும். பூசையில சாமியாரு பிரசங்கம் வெக்கிற நேரம். ராயம்மா பக்கத்துல அவரும் உக்காந்திருந்தாரு.

திரையப் பாத்துக்கிட்டே நின்னாரு. நாலே கால்ல ஒரு கோடு, அது மாடு கறக்கிறது. அஞ்சுக்கு உயரமா ஒண்ணு, போருல தண்ணி எடுத்துட்டு வர்றது. ஆறரைக்கு ஒண்ணு, அவருக்கு டிபன் டப்பா கட்டுறது. அதுக்கப்புறம் இருக்கிற கோடுங்க என்னன்னே அவருக்குத் தெரியல. அந்த நேரத்துல அவரு நாற்காலியில இருந்திருக்காரு. இருபத்திமூணு வருஷமா ஒவ்வொரு வண்டியயும் ரெண்டு வாட்டி எடை போட்ட மனுசன் ஒரு வாட்டி கூட இத எடை போட்டுப் பாக்கல.

"சார், உங்க ரகசியத்த சொல்லுங்க"ன்னு மைக்க நீட்டுனாங்க.

மைக்க வாங்குனாரு. அப்புறம் சட்டக் கையச் சுருட்டி வெறும் மணிக்கட்டக் காட்டுனாரு.

"மேடம், இது லோடு எடைங்க. டிரைவரு வண்டியிலயே உக்காந்திருக்காங்க. எங்க வூட்டுக்காரி ராயம்மா. அவங்க நடந்தத நான் போட்டுக்கிட்டேன். அவங்களக் கழிச்சா என்னோட நெட்டு ஒம்பதாயிரத்து அறுநூத்தி நாப்பதுதாங்க. ஒரு மாசத்துக்கு."

பெங்களூரு ஆபீசருங்களுக்குத் தமிழு புரியல, நல்ல பேச்சு போலன்னு கை தட்டுனாங்க. மாது தலையில கை வெச்சுக்கிட்டாரு. நிர்மலாதேவி நாலாவது வரிசையிலருந்து நல்லா கேக்குற மாதிரியே, "உண்மைய சொல்றதுக்கு ஒரு நேரங்காலம் வேணாமாண்ணா?"ன்னாங்க.

ஆனா அமல்தாசு சொன்னதுல ஒரு கோளாறு ஆயிப்போச்சு. அவரு சொல்லிட்டாருன்னதும் மத்தவங்களுக்கு ஷெட்டுல நிக்கவே முடியல. பாய்லரு முருகன் எந்திரிச்சு மச்சானோட பரிசலச் சொன்னான். ஸ்டெஃபி குலுக்குற மிஷினச் சொன்னா. ஆபீசு மேனேஜரு, கோட்டு சூட்டு போட்ட மனுசன், தன் நாயி பேர மைக்குல சொல்ல வேண்டியதாச்சு. சோபனா மேடம் ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வந்தாங்க. கழிச்சு முடிச்சப்ப சொல்லிக்கிற மாதிரி நெசமா நடந்தது லோடிங்கு ஆளுங்க மட்டும்தான். மாரியப்பன் பாட்டில வாங்கிக்கிட்டு, "எங்களுக்கு நாற்காலி குடுத்திருக்கலாம்"னு முணுமுணுத்துட்டு எறங்குனாரு.

எல்லாத்தயும் கழிச்சாலும் கடைசி கேட்டு டீமுதான். நாயி போனா கூட ஆபீசு ஆளுங்க கொஞ்சம் நடந்திருந்தாங்க.

"ஆய்த்து, விதின்னா விதிதான்"னு கன்னடம் கலந்து சொன்னாங்க சோபனா மேடம். குரலு ஒடைஞ்சிருந்துச்சு. திங்கக்கெழமையே மேஜைங்க வந்துடுச்சு. நிர்மலாதேவிக்கு மேஜை மூக்கு வரைக்கும் வந்துச்சு. அவங்க பழம் அடுக்குற கிரேடு பொட்டி ஒண்ணு போட்டு ஏறி நின்னாங்க, மத்தியானத்துலருந்து அதே கிரேடுமேல உக்காந்துக்கிட்டாங்க. கிரேடு நாற்காலியில சேராதுன்னு அவங்க வாதம், யாரும் மறுத்துப் பேசல. மாதும் ஒரு கிரேடு எடுத்துக்கிட்டாரு. "உனக்கும் ஒண்ணு போடறேன் அமலு"ன்னாரு. அமல்தாசு வேணாம்னுட்டாரு. நின்னாரு. சாயங்காலத்துக்குள்ள காலு வீங்கிப் போச்சு.

நாற்காலிய பழைய சாமானோட ஷெட்டுக்குப் பின்னாடி போட்டிருந்தாங்க. வூட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போறேன்னு கேட்டாரு. சோபனா மேடம் ஒடனே எழுதிக் குடுத்தாங்க. ஆனா கேட்ட வுட்டு வெளிய போற எந்தச் சாமானும் எடை போடாம போவக்கூடாது, அது அவரே வெச்ச ரூலு. நாப்பது டன்னு வண்டி நிக்கிற மேடைமேல நட்ட நடுவுல நாற்காலிய வெச்சாரு. எறங்கி வந்து டிஸ்ப்ளேயப் பாத்தாரு. பத்து கிலோ. நம்பரு நின்னுச்சு. சீட்டு போட்டாரு. மாது கேட்டத் தொறந்து வுட்டாரு, ஒரு சல்யூட்டும் வெச்சாரு.

மொபெட்டுக்குப் பின்னாடி நாற்காலியக் கட்டிக்கிட்டுப் போறப்ப வழியில நாலு பேரு நிறுத்தி என்ன வெலைன்னு கேட்டாங்க.

வூட்டுல ராயம்மா புளிய மரத்தடியில சாக்க விரிச்சு, குத்துக்கால் போட்டுப் புளி தட்டிக்கிட்டிருந்தாங்க. பங்குனி மாசம் நம்ம பக்கம் எல்லா வூட்டுலயும் அதே சத்தம்தான், புளியங்கொட்டையத் தட்டி எடுக்கிற சத்தம். கையில பட்டை இன்னும் இருந்துச்சு. கம்பெனி அதத் திருப்பிக் கேக்கல, அவங்களும் கழட்டல. அமல்தாசு நாற்காலியக் கொண்டாந்து மரத்தடியில போட்டாரு. துண்டால தொடச்சாரு.

"உக்காரு."

"எதுக்கு?"

"சும்மா உக்காரு ராயம்மா."

"மாட்டுக்குத் தண்ணி வெக்கணும்."

"நான் வெச்சிட்டு வர்றேன்."

அது புதுசா இருந்ததால ராயம்மா எந்திரிச்சாங்க. ஆஸ்பத்திரியில கூப்பிடுவாங்கன்னு காத்துக்கிட்டிருக்கிறவங்க மாதிரி நாற்காலி நுனியில உக்காந்தாங்க. பள்ளத்துல ஒரு பக்கமா சாஞ்சாங்க, அப்புறம் சரி பண்ணிக்கிட்டாங்க. அவரு மாட்டுக்குத் தண்ணி வெச்சிட்டு வர்றதுக்குள்ள மொறத்த எடுத்து மடியில வெச்சு, புளியில நாரு எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க. அமல்தாசு போன எடுத்துப் பாத்தாரு. உக்காந்திருக்காங்க, கண்ணு முன்னாடி உக்காந்திருக்காங்க, நம்பரு மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. கை ஆடற ஒவ்வொரு வாட்டியும் ஒரு அடி. அந்தக் கொஞ்ச நேரத்துல நூத்திப் பன்னெண்டு அடி நடந்திருந்தாங்க.

மொறத்த அவங்க மடியிலருந்து எடுத்தாரு. சாக்குல கீழ உக்காந்து, வீங்குன கால நீட்டிக்கிட்டு, தானே நாரு எடுக்க ஆரம்பிச்சாரு. அவருக்கு அது வரல. பாதிப் புளி நாரோட போச்சு.

"ஏங்க, ஊரு பாத்தா என்ன சொல்லும்?"

"சண்டைன்னுதான் ஏற்கனவே சொல்லிட்டாங்களே."

ராயம்மா கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாங்க. கைய மடியில வெச்சாங்க. எடுத்தாங்க. முந்தானையப் புடிச்சாங்க, வுட்டாங்க.

"கைய எங்கங்க வெக்கிறது?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டு பக்கமும் கட்டை இருக்குல்ல. அதுமேல வை."

வெச்சாங்க. அமல்தாசு போன சாக்குமேல நிறுத்தி வெச்சு நம்பரப் பாத்தாரு. ஒண்ணு ஏறுச்சு. இன்னும் ஒண்ணு ஏறுச்சு. நிக்கட்டும்னு காத்துக்கிட்டிருந்தாரு.